அவருக்கு அந்த ஊசி ஒத்துக்காது

ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதை மறுக்க நான் ஆளில்லை. ஆனால் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் திரும்பி வந்து பேசுவார்கள் என்று யாராவது தொடங்கினால், எழும்பிக் குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் நல்லது. நம்பச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் நெல் வெட்டும் மெசின் வைத்திருக்கிறார். சம்மாந்துறை வயல்கள் முடிந்ததும் மெசினை லொறியில் ஏற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போவார், போனால் ஒரு மாதம், சில நேரம் அதற்கும் கூட. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான், நானும் ஒன்றும் கேட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போன வருடம் வயலில் காலில் தகரம் வெட்டியதை அவர் கவனிக்காமல் விட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் பார்த்தால் கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்து, ஆள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார். ஓ.பி.டி. மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். காலைப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஏதும் மருந்து ஒத்துக்காம வந்திருக்கா?" என்று கேட்டார். கணவர் கண்ணே திறக்கவில்லை. நான்தான், "இல்ல டொக்டர், அப்பிடி ஒண்டுமில்ல," என்றேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாமல் அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

டொக்டர் ஊசி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார், நேர்ஸ் மருந்து எடுக்க உள்ளே போனார். அப்போதுதான் கட்டிலின் மறுபக்கம், சேலைன் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைக் கண்டேன். சாம்பல் நிற அபாயா, மெலிந்த முகம், என்னைவிட வயது குறைவு, வலது புருவத்தை இரண்டாகப் பிரித்த ஒரு பழைய தழும்பு. வேறு நோயாளியோடு வந்தவள் என்று நினைத்தேன்.

"ராத்தா, அவருக்கு பென்சிலின் ஊசி ஒத்துக்காது," என்றாள். "முந்தி ஒருக்கா போட்டு மூச்சே நிண்டு போகப் பாத்தது. டொக்டரிட்ட சொல்லுங்க."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் குனிந்து, நழுவிக் கிடந்த போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள். அந்தக் கைப் பழக்கம் எனக்கு என்னவோ செய்தது. அதற்குள் நேர்ஸ் ஊசியோடு வர, நான் பதறி அவரைத் தடுத்து டொக்டரைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை.

டொக்டர் என் கணவரின் தோளைத் தட்டித் தட்டிக் கேட்டார். அவர் மெல்லக் கண் திறந்து, "ஓம், பென்சிலின் ஏலா," என்றார். மருந்தை மாற்றினார்கள். அந்தப் பெண் யார் என்று நேர்ஸிடம் விசாரித்தேன்.

"எந்தப் பொம்புள? நீங்க மட்டுந்தானே நிண்டீங்க," என்றார்.

காய்ச்சல் விட்டு அவர் எழும்பி உட்கார்ந்த பிறகு வார்டில் வைத்து இதை அவரிடம் சொன்னேன். புருவத் தழும்பைச் சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அது ஸரீனா. பொலன்னறுவைல நிக்காஹ் முடிச்சன். அங்க எனக்கு அந்த ஊசி பிழையாப் போன நேரம் அவதான் கூட இருந்தா. போன போகத்துக்கு முந்தி மௌத்தாயிட்டா. ஜனாஸா அடக்கத்துக்கும் நான் போகல்ல. போனா ஒனக்குத் தெரிஞ்சிரும் எண்டு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் ஏதாவது கேட்பார், மன்னிப்பாவது கேட்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்.

"என்னோட கோவமா இருந்தாவா?"

"இல்ல," என்றேன். அந்த ஆறுதலையும் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அழுதார், அவளுக்காக, என் முன்னால்.

நான் வீட்டை விட்டுப் போகவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவள் மீது கோபப்படவும் வழியில்லை. அவள் வராமல் இருந்திருந்தால், எல்லாம் தெரியும் என்ற என் நினைப்பே அவரைக் கொன்றிருக்கும்.

அந்தக் கால் காயத்தோடு அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பதும் தெரியவந்து, இப்போது மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறோம். அங்கே அவர் எனக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை, நடுவில் ஒரு கதிரையை விட்டுத்தான் உட்காருவார். ஏன் என்று நானும் கேட்பதில்லை. போன முறை கூட்டம் கூடி, ஒரு பெரியவர் அந்தக் கதிரையில் உட்கார வந்தார்.

"அதுல ஆள் இருக்கு," என்றார் என் கணவர்.

அந்த மனிதர் கதிரையைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, கதிரையைத்தான் பார்த்தார். பிறகு ஒரு அடி பின்வாங்கி, "காணல்ல தங்கச்சி, மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார்.