இருபத்திமூன்றாம் வரிசையின் ஈரம்

உள்ளறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒரே ஒரு விசில். கடைசியில் பள்ளத்தில் இறங்குவது போலக் கீழே போய் நின்றது.

கூடத்தில் மகளின் பெட்டிக் கைப்பிடியில், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டுமென்று, மஞ்சள் துணிப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஊசியம்மா நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த விசிலுக்கு என்ன பொருள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவர் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர். புதுப் பெயிண்டுக்கு அடியில் நசுங்கிய தகரத்தைக் கண்டுபிடித்தால் மட்டும்தான் அப்படி விசிலடிப்பார்.

"என்னங்க, யாரு வண்டி?"

"நம்ம பொண்ணு வண்டிதான்" என்றபடி கைபேசியும் மூக்குக் கண்ணாடியுமாக வெளியே வந்தார். "நாளைக்கு ஏறப்போறாளே, அது."

தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலைநிமிர்ந்தாள். நர்ஸ் படிப்பை முடித்து, கடல் கடந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப் போகிறவள். வயது இருபத்திமூன்று ஆகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

"ப்ளேனைப் போய் வண்டிங்கறியேப்பா!"

"சக்கரம் இருக்கில்ல? அப்ப வண்டிதான். அந்தக் கம்பெனிகிட்ட இருக்கறதே ரெண்டு. ஒண்ணு ரிப்பேர்ல நிக்குது. மிச்சம் இருக்கற ஒண்ணுதான் தினமும் போய்ப் போய் வருது. வால்ல எழுதியிருக்கற நம்பரைத் தட்டினா ஜாதகமே வந்து விழுது."

"என்ன சொல்லுது ஜாதகம்? மாப்பிள்ளை நல்லவரா?"

"பத்தொம்பது வயசு. நாலு கை மாறியிருக்கு. மூணு தடவை வால் நம்பரை மாத்தி, பெயிண்டை மாத்தி, புதுப்பொண்ணு மாதிரி நிறுத்தியிருக்கானுங்க. நடுவுல ரெண்டு வருஷம் ஏதோ பாலைவனத்துல சும்மா நின்னிருக்கு. சும்மா நின்ன வண்டியை நான் கையால தொட மாட்டேன்."

"நான் என்ன விலைக்கா வாங்கப் போறேன்? ஏறி இறங்கப் போறேன், அவ்வளவுதான்."

"ஸ்கூட்டர் எடுக்கும்போதும் இப்படித்தான் பேசின. முதல் நாளே பிரேக் பிடிக்காம எதிர்வீட்டு கேட்டுக்குள்ள போய் நின்ன."

ஊசியம்மா சிரித்துவிட்டாள். அவர் விடவில்லை. "எத்தனை வேஷம் போட்டாலும் பொறந்தப்போ குத்தின தயாரிப்பு நம்பரை மாத்த முடியாதுல்ல? இதோ இருக்கு பாரு. கடைசி நாலு எண், ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு."

ஊசி அவள் விரலில் ஏறியது.

இருபத்தாறு வருடம் ஊசி பிடித்த கை அது. விமான இருக்கைகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் உறை தைக்கிறவள் அவள். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு வளைந்த ஊசி குத்தியிருப்பாள். அதனால் வந்த பெயர்தான் ஊசியம்மா. எத்தனை ஆயிரம் இருக்கைகளுக்கு உறை மாட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மாட்டி முடித்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை உட்கார்ந்து, சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பாள். இப்படிப் பெரிய பெரிய விமானங்களின் எல்லா இருக்கைகளிலும் உட்கார்ந்தவள், இன்றுவரை ஒரு தடவைகூடத் தரையைவிட்டு மேலே போனதில்லை. "நான் உட்கார்ந்தா ப்ளேன் நகராது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது சிரிக்கவில்லை. விரலில் துளிர்த்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் கேட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு. ஏன், உனக்குத் தெரிஞ்ச வண்டியா?"

தெரிந்த வண்டிதான். பட்டறையில் வால் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் விமானத்துக்குப் பெயர். கழற்றுகிற ஒவ்வொரு உறையின் உட்புறத்திலும், துவைத்தாலும் போகாத மையால் அதை எழுத வேண்டும். நூற்று முப்பத்தெட்டு உறைகளில் நூற்று முப்பத்தெட்டு தடவை 2741 என்று அவள் எழுதியிருக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அது. பாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்த விமானத்தின் பின்பக்கம், கழிப்பறைச் சுவரை ஒட்டிய இருபத்திமூன்றாம் வரிசையில் மண்டியிட்டபோது முதலில் வந்தது நாற்றம். மூடி வைத்த ஈரத் துணியின் நாற்றம். விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். இருக்கையைத் தாங்கும் தண்டவாளத்தின் ஓரத்தில் உலோகம் அரித்து, உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள். கையை ஊன்றி எழுந்தபோது தரை மெத்தென்று அமுங்கியது. இரும்புப் பெட்டி போல இருக்க வேண்டிய தரை, பழுத்த பழம் போல அமுங்கியது!

ஓடிப்போய் மேற்பார்வையாளரை அழைத்து வந்தாள். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா வரிசையாகச் செருகியிருக்கும் மனிதர். ஊரெல்லாம் அவரை நாலு பேனா சார் என்றுதான் சொல்லும். அவர் ஷூ முனையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "நீ துணியைப் பாரும்மா. தரையை நான் பதிவேட்டுல எழுதிடறேன்" என்றார்.

அவள் நம்பினாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. தையல்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த தடவை உறையைக் கழற்றுகிறவருக்குச் சொல்ல வேண்டியதை உறையின் உட்புறத்திலேயே எழுதி வைப்பார்கள். 'ஜிப் மாத்தணும்', 'ஸ்பாஞ்ச் புதுசு' என்று. அவளும் 23-ஆம் வரிசை உறைக்குள் ஒரு வட்டம் போட்டு எழுதினாள்: 'அடியில் தரை ஈரம். அமுங்குது. பார்க்கவும்.' பிறகு உறையை மாட்டினாள். அன்று சாயங்காலமே விமானம் கிளம்பிப் போய்விட்டது.

எழுதியாகிவிட்டது என்று அன்று அவளுக்கு நெஞ்சு லேசானது. பாவி மனது! உறையைக் கழற்றுகிறவள் அதைச் சாக்கில் போட்டுச் சலவைக்கு அனுப்புவாள். தரையைப் பார்க்கிற மெக்கானிக் உறையைக் கையாலும் தொடமாட்டான். அவள் எழுதியது தரையைத் திருத்தக் கூடிய ஒருவன் கண்ணிலும் படாது. இத்தனை வருடம் அதே வேலையைச் செய்தும் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது கணவர் விசிலடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"அவர் எழுதியிருப்பாரும்மா" என்றாள் பாப்பா மெதுவாக. "எழுதாமலா இருப்பாரு?"

"வரட்டும். நாலு மணிக்கு வர்றேன்னாரு" என்றாள் ஊசியம்மா.

ஆம், அவரேதான் வருவதாக இருந்தார். பாப்பாவின் நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். நன்றி மறக்கக் கூடாத மனிதர். வழியனுப்ப வருகிறார்.

நாலடித்து ஐந்து நிமிடத்தில் மணி ஒலித்தது. ஓய்வு பெற்றும் பையில் நாலு பேனா குறையவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிரித்த முகமாக உள்ளே வந்தார். பாப்பாவின் கையில் ஒரு சின்ன நீளப் பெட்டியைக் கொடுத்தார்.

"பேனாம்மா. முதல் கையெழுத்து இதுலதான் போடணும், என்ன?"

"தேங்க்ஸ் அங்கிள்."

ஊசியம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சார், ரெண்டு ஏழு நாலு ஒண்ணு ஞாபகம் இருக்கா?"

"என்னம்மா அது, பரிசுச்சீட்டு நம்பரா?"

"ப்ளேன் சார். இருபத்திமூணாம் வரிசை. நீங்க ஷூவால அமுக்கிப் பார்த்தீங்க."

டீயை ஊதிக்கொண்டிருந்தவர் ஊதுவதை நிறுத்தினார்.

"எழுதறேன்னீங்களே, எழுதினீங்களா?"

"எழுதியிருப்பேன்மா."

"இருப்பேன்னு சொல்லாதீங்க சார். என் பொண்ணு நாளைக்கு அதுலதான் போறா."

அவர் பாப்பாவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கைப்பிடியில் பாதி தைத்து நூல் தொங்கும் மஞ்சள் பட்டையைப் பார்த்தார்.

"நான் முப்பது வருஷம் வண்டி வித்தவன் சார்" என்றார் கணவர். "வாங்கறவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் வரலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

கோப்பை கீழே இறங்கியது. "எழுதினா தரையைப் பிரிக்கணும். பிரிச்சா ரெண்டு வாரம் ஆகும். பைலட் வந்து உட்கார்ந்திருந்தான். முதலாளி என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாரு. எத்தனை இடத்துல எத்தனை செக்கிங் இருக்கு, யாராச்சும் பார்த்துடுவாங்கன்னு..."

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்."

"பதினோரு வருஷம் பறந்திருக்கும்மா. ஒண்ணும் ஆகலையே! எங்கயாவது சரி பண்ணியிருப்பாங்க."

"சரி பண்ணினாங்களா, இல்ல இத்தனை வருஷமா இன்னும் ஊறிட்டே இருக்கா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது." குரல் தாழ்ந்தது. "பாப்பாவை வேற ப்ளேன்ல அனுப்பிடுங்க. யாருகிட்ட வேணும்னாலும் நான் பேசறேன். இதை மட்டும் கிளறாதம்மா. என் நாற்காலியில இப்ப என் பையன் உட்கார்ந்திருக்கான். நீயும் அங்கதானே வேலை பார்க்கற?"

வேற ப்ளேன்! எரியும் நெஞ்சில் குளிர்ந்த நீரை ஊற்றியது போலிருந்தது ஊசியம்மாவுக்கு. பெற்ற வயிறு வேறென்ன கேட்கும்? இரண்டு நாள் தள்ளிப் போனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் போதாதா? 'சரி சார்' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அவரே கேட்டார்: "பாப்பா, உன் சீட் எத்தனாவது வரிசை?"

"எட்டு அங்கிள்."

"அப்ப பரவால்ல. அது முன்னா..."

சொல்லி முடிக்குமுன்பே அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான். கூடத்தின் நடுவில் விழுந்த அந்த வார்த்தையை எடுத்து மறைக்க யாராலும் முடியவில்லை.

ஊசியம்மா எழுந்தாள். அவள் கண்ணுக்கு அந்த வரிசை தெரிந்தது. ஜன்னல் ஓரம், நடு, நடைவழி ஓரம். மூன்றிலும் அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"இருபத்திமூணுல உட்கார்றது யாரு பெத்த புள்ள சார்?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இதை யாருகிட்டச் சொல்லணும்னு பாருங்க."

விமானப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணைக் கணவர் தேடிக் கொடுத்தார். இரண்டு தடவை வேறு வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த பெண் குரல் பொறுமையாகக் கேட்டது. ஊசியம்மா தன் பெயர், தன் பட்டறை, தன் வேலை எல்லாம் சொன்னாள். மறைக்கவில்லை. நாளை அந்த வேலை இருக்காது என்பது தெரிந்தே சொன்னாள்.

"நீங்க தையல் வேலைங்கறீங்க. உங்க புகாரையும் எடுத்துக்கறோம்மா, ஆனா அது விசாரணைன்னு வரிசையில நிக்கும். அன்னிக்குப் பொறுப்புல இருந்தவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தா உடனே நிறுத்தச் சொல்லலாம். நாளைக்கு அந்த ப்ளேன் கிளம்பாது."

"இன்னிக்கு?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "இன்னிக்கு அது மேல இருக்கும்மா."

கைபேசி எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசியது. நாலு பேனா சாரின் முகம் வெளுத்தது.

ஊசியம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. அவர் கை சட்டைப் பைக்குப் போய், எந்தப் பேனா என்று தெரியாமல் தடுமாறியது. பாப்பா நீளப் பெட்டியைத் திறந்து, புதுப் பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தாள்.

"முதல் கையெழுத்து நீங்களே போடுங்க அங்கிள்."

"என் பையன்..." என்றார் அவர்.

"அவனும் ஒரு நாள் ஏதாவது ப்ளேன்ல போவான் சார்" என்றார் கணவர்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். நாலே வரி. பதினோரு வருடம் எழுதாத நாலு வரி. எண், வரிசை, பார்த்தது, செய்யாதது. கீழே கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. கணவர் அதைப் படமெடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில் வந்தது.

யாரும் பெருமூச்சு விடவில்லை. கணவரின் கைபேசித் திரையில் பரந்த நீலம். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு குட்டி விமானம். நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை.

"எங்க இருக்கு?" என்றார் சார்.

"கடல் மேல. இறங்க இன்னும் அம்பது நிமிஷம்."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"சீட் நூத்தி முப்பத்தெட்டு. இவ தைச்சதுதானே."

சார் எழுந்தார். ஆறிப்போன டீயில் ஆடை படிந்திருந்தது. வாசலில் செருப்புக்குள் காலை நுழைக்க முயன்றார். இடது கால் இரண்டு தடவை தவறியது. ஊசியம்மா குனிந்து செருப்பைத் திருப்பி வைத்தாள்.

"ஊசியம்மா, அந்த உறை இன்னும் அங்கயே இருக்குமா?"

"நான் தைச்சது சார். கிழிஞ்சிருக்காது."

அவர் தலையசைத்தார். படியிறங்கினார். தெருமுனை திரும்பும் முன் ஒரு தடவை நின்று, வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு நடந்தார். ஊசியம்மா கதவைச் சாத்தினாள்.