பிரிக்காத பந்தல்

பத்து பாகாட் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய பலகை வீட்டுக்கு அடுப்படி கொல்லையில்தான் இருந்தது. மேலே பேருக்கு நாலு அத்தாப்பு ஓலை. மழை வந்தால் சோறு வேகாது, நான்தான் வெந்துகொண்டிருப்பேன். எனக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறப்பதற்குள் அடுப்புக்கு மேல் ஒழுங்கான கூரை வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

என் கணவர் அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சட்டம் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. ஓட்டையை அடைக்க அனுமதி வேண்டாம், புதிதாகக் கட்டினால் வேண்டும் என்றார்கள் கட்டட அனுமதி ஆபீசில். வரைபடத்தோடு மனுக் கொடுத்தார். அது மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்தது. அனுமதி இல்லாமல் கட்டினால் வேலை போய்விடும் என்று அவர் கையைப் பிசைந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

விசேஷப் பந்தலுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. வளைகாப்புக்குக் கொல்லையில் பந்தல் போடலாம் என்றேன், பந்தல்தானே என்று அவரும் தலையாட்டினார். கால்கள் மட்டும் கொஞ்சம் தடியாக, ஆழமாக. கீற்றுக்கு அடியில் தகரம். அடுப்பு சரியாக அதன் கீழே வந்தது தற்செயல்தான்.

வளைகாப்பு முடிந்த பத்தாம் நாள் கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். தமிழர்தான்.

"என்னம்மா, பந்தல் இன்னும் நிக்குது?"

"பிரிக்க நல்ல நாள் பாக்கணுங்களே" என்றேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் பிறந்தாள். அடைமழையிலும் அவளுக்கு வெந்நீர் தடையில்லாமல் கொதித்தது. பேர் வைக்கிற அன்று அதிகாரி மறுபடி வந்தார். பாயசத்தைக் குடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. எப்பப் பிரிப்பீங்க?"

அவரோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மை வெளியே வந்தால் நாளைக்கே தகரம் இறங்கிவிடும், பச்சைப்பிள்ளையோடு நான் மழையில் நிற்க வேண்டியதுதான்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"புள்ளைக்குக் காது குத்தற வரைக்கும் இருக்கட்டுங்க. தாய்மாமன் ஊர்லேருந்து கப்பல் ஏறி வரணும்."

"மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துறது? வரட்டும் லா" என்று அதிகாரி குடையை விரித்துக்கொண்டு போனார்.

நான் என் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். நாலும் பெண்கள்.