கழற்றி வாங்கிய காது மிஷின்

காது மிஷின் இல்லாவிட்டால் என் மகளுக்கு எதுவும் கேட்காது. அவளைப் பெண் கேட்டிருந்த கொட்டாரம் ஊர்க் குடும்பத்திடம் இதை நாங்கள் மறைத்திருந்தோம். அவர்களோடுதான் திற்பரப்பு அருவிக்குப் போனோம்.

"நனைஞ்சா கெட்டுப்போவும் மக்ளே, களத்தித் தா" என்று உடை மாற்றும் அறையில் மிஷினை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அருவியடியில் நின்ற காவலாளியிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றதால் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி வந்தது. காவலாளி விசில் ஊதினார். எல்லாரும் கரையேற, இவள் மட்டும் கண்ணை மூடி அருவிக்குள் நின்றாள். பெற்றவள் நானும் மடச்சி மாதிரி பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். வெள்ளம் அவளைப் பாறையில் அடித்தது. காவலாளி இறங்கி, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். உயிர் மிஞ்சியது, வலது மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மிஷினை மாட்டியதும் கேட்டாள்: "அந்தக் காவலாளிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதாம்மா? முன்னமே வந்து தொட்டு விளிச்சிருப்பாரே."

இப்போது பஸ்ஸானாலும் படகானாலும், "மகளுக்குக் காது கேட்காது, கையைக் காட்டிக் கூப்பிடுங்கள்" என்று ஏறியதுமே சொல்லிவிடுகிறேன். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் முதல் பேச்சு அதுதான்.

அவளோ, ஆபத்தென்றால் யாராவது உள்ளே வந்து தொட்டுக் கூப்பிடட்டும் என்று, வீட்டில் குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிடுவதில்லை.