யாரிடம் சொன்னீர்கள்?

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, காதும் தெளிவாக இருக்க வேண்டும். நாலு பேராகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

நாலு யூனிட்

ஒரு நாள் காலை, கருக்களாச்சேரியிலிருந்து மீனவர் செல்வமணியைக் கொண்டுவந்தார்கள். படகைக் கரையேற்றும்போது வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிற்றைத் திறந்ததுமே சர்ஜன், "இன்னும் நாலு யூனிட் ரத்தம் சொல்லிடுங்க" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. நான் போன் பண்ணுவேன் என்று மயக்க மருந்து டாக்டர் நினைத்தார். டெக்னீஷியன் ஜோசப் பண்ணியிருப்பார் என்று நான் நினைத்தேன். அலமாரிப் பக்கம் நின்ற ஜோசப்புக்கோ அது காதிலேயே விழவில்லை.

கடைசிப் பையும் தீரப்போகும்போதுதான் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஓடிப்போய் போனை எடுத்தேன். ரத்த வங்கியில் இருந்தவர் கேட்டார்:

"நாலு யூனிட்டா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே, சிஸ்டர்."

வேன்

ரத்தம் வந்தபோது நேரம் கடந்திருந்தது. செல்வமணியைக் காப்பாற்ற முடியவில்லை. வீட்டாரிடம் சர்ஜன் சொல்லியிருப்பார் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். அவர் இன்னும் வெளியே வரவே இல்லை. செல்வமணியின் மனைவி அஞ்சலை ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்து வேறெதையோ நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"ரத்தம் வேணுமா சிஸ்டர்? எங்க ஊருலேர்ந்து வேன் நிறைய ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. யாரும் கேக்கலையேன்னு பாத்துக்கிட்டிருக்காங்க."

ஜோசப்

ஜோசப் கோவில்பத்திலிருந்து பைக்கில் வருகிறவர். ஒரு நாளும் லீவு போடாதவர். அதற்கப்புறம் மூன்று நாள் வரவில்லை. வந்த அன்று, உடை மாற்றும் அறையில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"ஜோசப்னு பேர் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா, ஓடியிருப்பேன் சிஸ்டர்."

சான்றிதழ்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழ் விஷயமாக அஞ்சலை வந்தாள். சர்ஜன் அவளை உட்காரவைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தோம். இரண்டும் செய்யவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தன பேரு உள்ள இருந்தீங்களே, உங்களுக்குள்ள பேசிக்க மாட்டீங்களா?"

இப்போது எங்கள் தியேட்டரில் பஞ்சு வேண்டுமென்றாலும் பேர் சொல்லித்தான் கேட்கிறோம், காதில் வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. இந்தச் சின்னப் பாடம் படிக்க எங்களுக்கு ஒரு உயிர் தேவைப்பட்டிருக்கிறது.