தாளில் விழாத எழுத்து

இக்னேசியஸுக்குக் கண் மங்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, செய்த வேலை. இது தன் மனைவி இன்பமலரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது என்றே அவர் நம்பியிருந்தார். கிளினிக்குக்குப் போனால் விஷயம் வேலைத்தலத்துக்கு எட்டும், எட்டினால் வேலை போய்விடும் என்று பயந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பிடிவாதத்தில் மனுஷனை மிஞ்ச ஆளில்லை.

திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்துக் குளிர்களஞ்சியத்தில் அவருக்குக் காவல் வேலை. காவல் என்றால் கள்ளனுக்கு அல்ல, சூட்டுக்கு. மூன்று குளிர் அறைகளின் வெப்பநிலையையும் கருவிகள் அளந்து கணினிக்குச் சொல்லும். கணினி பத்து நிமிஷத்துக்கு ஒரு வரியை மூலையில் கிடக்கும் பழைய பிரிண்டரில் அடிக்கும். ஏதாவது ஓர் அறையில் சூடு ஏறினால் அவர் உடனே மெக்கானிக் ஸாஜித்தைக் கூப்பிட வேண்டும். தாமதித்தால், ஆழ்கடலில் இரண்டு கிழமை கிடந்து பிடித்த சூரை மீன் அவ்வளவும் குப்பைக்குப் போகும்.

கண் தெரியாதவர் இதை எப்படிச் செய்தார்? கருவிகள் ஒன்றோடொன்று கதைக்கும்போது, நாம் வாசிக்கும் எழுத்துகளோடு தாளில் விழாத சில குறிகளையும் அனுப்புகின்றன. வரி முடிந்தது என்று சொல்ல ஒன்று, பொறு என்று சொல்ல ஒன்று, கிடைத்தது என்று சொல்ல ஒன்று. ஏழாம் இலக்கக் குறியின் வேலை மணியடிப்பது மட்டும்தான். அது வந்தால் பிரிண்டர் 'பீப்' என்று கத்தும். முதலாம் அறையில் சூடு ஏறினால் ஒரு மணி, இரண்டாம் அறைக்கு இரண்டு, மூன்றாம் அறைக்கு மூன்று. பிரிண்டர் அப்படியேதான் செய்யப்பட்டு வந்தது என்று நினைத்த இக்னேசியஸ், அதைச் செய்த முகம் தெரியாத வெளிநாட்டுக்காரனுக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ஆறு வருஷமாக அந்த நன்றி தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்தவர்கள் புது மென்பொருள் ஏற்றினார்கள். திரையில் பார்க்கும் அறிக்கையில் இடையிடையே சின்னச் சின்னப் பெட்டிகள் தெரிகின்றன, என்னவோ குப்பை என்று சொல்லி, தாளில் விழாத குறிகளையெல்லாம், மணிக்குறியோடு சேர்த்து, துடைத்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை காலை பத்தரை மணி. பிரிண்டர் ஒரு வரி அடித்தது. மணி அடிக்கவில்லை. ஆனால் அடிக்கும் சத்தம் வழக்கத்தைவிட நீளமாக இழுத்துக்கொண்டு போனது. இக்னேசியஸ் எழுந்து பிரிண்டரிடம் போனார். நீளமான வரி என்றால் எச்சரிக்கை. ஆனால் எந்த அறை? தாளைக் கிழித்து முகத்தோடு வைத்துப் பார்த்தார். புகைதான் தெரிந்தது. ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தால் இருக்கிற குளிரும் போய்விடும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை மிஞ்சும். பிறகு கருவியில் பழி போடலாம். அந்த நினைப்பும் வந்தது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் கால் நிற்கவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

"ஸாஜித்! இத வாசி. எனக்குக் கண் தெரியாது, கெதியா வாசி!"

முற்றத்தில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்டது. ஸாஜித் ஒரு கேள்வியும் கேட்காமல் தாளை வாங்கினான். "ரெண்டாம் அறை" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அரை மணித்தியாலத்தில் அறையைக் குளிரவைக்கும் கொம்பிறசர் திரும்ப ஓடியது. ஒரு மீன்கூடப் பழுதாகவில்லை.

மத்தியானம் முகாமையாளர் லாபிர் கூப்பிட்டார். இக்னேசியஸ் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"மன்னிக்கோணும் சேர். ஆறு வருஷமா மறைச்சுப் போட்டன்."

"முதல்ல கதிரையில இருங்க" என்ற லாபிர், பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் போன் எடுத்துச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். மறுபக்கம் றிஷானா. ஆறு வருஷத்துக்கு முன் இந்தக் கணினியைப் பொருத்தித் தந்த பெண்.

"அண்ணன், அந்த மணிய நான்தான் போட்டனான்" என்றாள். "நீங்க கடுதாசிய மூக்கில முட்டவச்சு வாசிச்சதக் கண்டனான். லாபிர் சேரிட்டக் கேட்டன், போடச் சொன்னார். நீங்க மறைக்க விரும்பினீங்க, அதால நாங்களும் தெரியாத மாதிரி இருந்தம்."

"அந்த அறைக்குக் காதுள்ள ஆள்தான் வேணும்" என்றார் லாபிர். "உங்களுக்கு முந்தி இருந்த கண்ணுள்ளவன் போனப் பாத்துக்கொண்டிருந்து ஒரு அறை மீன நாறவச்சவன். கிளினிக்குக்கு நாளைக்கே போறீங்க, சரியா?"

இக்னேசியஸ் வாய்விட்டு அழுதார். இவ்வளவு காலமும் தான் இவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அல்லவா நினைத்திருந்தார்!

"பின்னேரம் வந்து திரும்பவும் போட்டுத்தாறன்" என்றாள் றிஷானா. "இந்த முறை நீங்களே சொல்லுங்க அண்ணன், எப்பிடி வேணும்?"

ஆறு வருஷமாக எவரிடமும் எதுவும் கேட்காத மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமாப் போடுங்க தங்கச்சி" என்றார். "எல்லாருக்கும் கேக்கட்டும்."