கழுவிவிட்ட விந்தகம்

ஆண் கரப்பானின் விந்தகத்தைத் தேடியே என் வாலிபத்தில் மூன்று வருஷம் போயிற்று. பெண் தேடி அலைந்த என் தோஸ்துகள்கூட அதற்குள் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

இன்டர்மீடியட்டில் மற்றதெல்லாம் தேறிவிட்டேன். விலங்கியல் பிராக்டிகல் மட்டும் இரண்டு தரம் கவிழ்த்துவிட்டது. மூன்றாம் தரமும் போனால் மாமனுடைய கட்டுமரத்தில் ஏறுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு தண்டனையா என்பீர்கள். எனக்கு அலையைக் கரையில் நின்று பார்த்தாலே குமட்டும்.

ஆணை வெளியிலிருந்து அடையாளம் காண்பது சுலபம். பின்முனையில் இருபாலுக்கும் உள்ள தடித்த கொம்புகளுக்கு நடுவே, ஆணுக்கு மட்டும் மெல்லிய முள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனால்தான் பேஜாரு. அடிவயிற்றில் காளான் கொத்து மாதிரி ஒரு வெள்ளைச் சுரப்பி. அங்கிருந்து நூல் போல இரண்டு குழாய்கள் மேலே ஏறும். அவற்றின் முனையில், பக்கத்துக்கு ஒன்றாக, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் விந்தகம். கொழுப்பும் வெள்ளை, அதுவும் வெள்ளை. முதுகுப் பக்கம் திறந்து, தண்ணீரில் மூழ்க வைத்து, கொழுப்பை ஊசியால் இழை இழையாக விலக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பரீட்சையன்று அம்மாவுக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். விடிவதற்கு முன்பே உட்கார்ந்து நாலு கூடை மீன் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. மெழுகுத் தட்டில் கரப்பானை வைத்தார்கள். புத்தி தூங்கிவிட்டது, கை அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது. மல்லாத்தி, வயிற்றைக் கீறி, குடலையும் கொழுப்பையும் ஒரே இழுப்பில் வழித்தெடுத்து, இரண்டு தண்ணீர் மாற்றி அலசி, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

பரீட்சகர் லென்ஸோடு குனிந்தார்.

"ஏம்ப்பா, விந்தகம் எங்கே?"

"கழுவிட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. காலையிலிருந்து எத்தனையாவது கரப்பானோ, அவரும் களைத்திருந்தார்.

"சட்டியும் புளியும் கொண்டாந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

காளான் சுரப்பி ஒன்றுதான் பின்முனையோடு ஒட்டிக்கொண்டு மிச்சமிருந்தது. அதற்குப் பெயர்ச்சீட்டு எழுதிக் குத்திவிட்டு எழுந்தேன். முடிவு பேப்பரில் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

அம்மா குழாயடியில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"கொழுப்ப வழிச்சுப் போட்டுட்டேம்மா. அதுக்குள்ளதான் இருந்துச்சு."

"வழிக்காம? கவுச்சி அடிக்காது? அந்த வாத்தியாரு வூட்ல மீனே துன்னமாட்டாங்களா?"

மூன்று வருஷத்தில் என் பக்கம் பேசிய ஒரே ஆள். அந்த மீனை அறுக்க என்னை எழுப்பியதும் அவள்தான்.

"போய்ப் படு. மாமன்கிட்ட நாலு நாள் கழிச்சு சொல்லிக்கலாம்" என்றாள்.

அந்த நாலு நாளும் தூங்கினேன். ஐந்தாம் நாள் கட்டுமரம் இரண்டாவது அலையைத் தாண்டுவதற்குள் நான் குப்புறப் படுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கரை இன்னும் அங்கியேதாண்டா கீது" என்றார் மாமன், துடுப்பை நிறுத்தாமல்.

வயிற்றில் வழிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் கிடந்தபோது, என் தட்டில் கிடந்த அந்தக் கரப்பானைத்தான் நினைத்துக்கொண்டேன்.