கப்பல் விழுந்த ஒன்பது படங்கள்

மகளின் கல்யாணப் படங்கள் மொத்தம் இருநூற்றுப் பதினாலு. மருமகனின் சிநேகிதர் எடுத்து, எங்கள் மடிக்கணினியில் ஏற்றிவிட்டு, கமராவில் இருந்ததை அழித்துக்கொண்டு போய்விட்டார். மருமகனும் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். மண்டபம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்ததால், ஒன்பது படங்களில் மணமக்களுக்குப் பின்னால் கடற்படைக் கப்பலும் விழுந்திருந்தது.

யுத்த காலம். துறைமுகத்தைப் படம் பிடித்தால் என்ன நடக்கும் என்று ஏழு பேர் எனக்கு ஏழு விதமாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை என்றதும் அந்த ஒன்பதையும் அழிக்க உட்கார்ந்தேன். அவசரத்தில் விசையை மாற்றி அழுத்தியதில் இருநூற்றுப் பதினாலும் போயின. பத்திரத்துக்காகக் கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வந்த சிப்பாய்கள் இருவரும் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். மூன்று கோப்பை.

அடுத்த மாதம் விசாவுக்கான நேர்முகத்துக்குக் கொழும்பிலுள்ள கனடாத் தூதரகம் மகளை அழைத்தது. கல்யாணம் உண்மைதான் என்று காட்டப் படங்கள் கட்டாயம் வேண்டுமாம். மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கணினியைத் திருத்துகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அழிச்ச பிறகு இதிலை ஏதும் ஏத்தினனீங்களோ, ஐயா? ஏத்தினால் அது பழைய படத்துக்கு மேலை குந்திப்போடும்.”

“பெரிசா ஒண்டுமில்லை. மகளின்ரை கோபம் ஆறட்டும் எண்டு பதினொரு சீடிப் பாட்டு.”

“ஐயோ ஐயா!”

மீண்டவை இருபத்துமூன்று. அவற்றில் ஒன்பது, ஒன்றும் குறையாமல், கப்பல் படங்கள். மற்றப் பதினாலிலும் மணமக்களுக்கு முன்னால் நான் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரடங்குக்கு முன் எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பவேண்டும் என்று தலை எண்ணிக்கொண்டிருந்தேன். தாலி கட்டும் படத்தில் மருமகனின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

“கப்பல் படம்தான் வடிவு, அப்பா. அதைக் கொண்டுபோவம்” என்றாள் மகள்.

“கொழும்புக்குப் போக எத்தனை செக் பொயின்ற் தெரியுமோ? பதினெட்டு! ஏலாது.”

“அப்ப நான் உங்கடை விரலையே கட்டினனான் எண்டு சொல்லுறது?”

கடைசியில் விரல் படங்களோடுதான் போனோம். நான் வெளியே நின்றேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த அதிகாரி, எல்லாவற்றிலும் நிற்கிற இந்த மனிதர் யார் என்று கேட்டாராம்.

“என்ரை அப்பா. சனம் எண்ணுறார்.”

“எத்தனை பேர்?”

“நூற்றி நாப்பத்தாறு. மூண்டு தரம் எண்ணினவர்.”

இப்படியொரு தகப்பனைச் சோடித்துக் கொண்டுவர முடியாது என்று சொல்லிச் சிரித்தாராம். விசா கிடைத்துவிட்டது.

ஆனால் அவள் சொன்ன தொகை பிழை. நூற்று நாற்பத்தேழு. மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்றதால் அவரைக் கடைசியாகத்தான் சேர்த்தேன்.